கறிவேப்பிலைச் செடியடியில் ஒரு வகுப்பு

ஜூன் 5 அன்று நம் பள்ளிக்கூடங்களில் மரக்கன்று நடுகிறார்கள். முதல் நாளே குழி தோண்டியிருக்கும். தலைமையாசிரியர் கன்றைப் பிடிக்க, ஊராட்சித் தலைவர் மண் தள்ள, நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு கை வைக்க, படம் எடுத்துக்கொள்வார்கள். 1972-ல் ஐ.நா. கூட்டிய சுற்றுச்சூழல் மாநாடு ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நாள் அது. இங்கே அப்போது கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். காவிரிப் படுகையில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் பாதிக்கும் மேல். கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் ஜூன் சரிப்படலாம். மற்ற இடங்களில் அன்று நட்ட கன்றுக்கு நாலு மாதம் யாராவது குடம் சுமக்க வேண்டும்.

கன்று கருகுவதுகூடப் போகட்டும். அதை நட்ட பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. மரம் வளர்ப்பது ஒரு நாள் வேலை, அதுவும் பெரியவர்கள் சொல்லும் தேதியில் செய்கிற வேலை என்று கற்கிறது. ஒரு வருஷம் தன் ஊர் மழையைக் கவனித்த எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால், ஐப்பசி வரட்டும் என்று அதுவே சொல்லிவிடும். தொடக்கப்பள்ளியில் சுற்றுச்சூழல் செயல்திட்டம் என்று ஒன்று வேண்டுமென்றால் அது இந்தக் கவனிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. பார்த்ததை எழுதி வைப்பது. அப்பா அம்மா ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து தெர்மாகோலில் காடு செய்து கொடுத்தனுப்புவதை நிறுத்திவிடலாம்.

மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு அவ்வப்போது போய்வருகிறேன். ஈராசிரியர் பள்ளி. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு வாழையும் இரண்டு கறிவேப்பிலைச் செடிகளும் இருக்கின்றன. அங்கே நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி இலை பறிக்கப் போனவள், “டீச்சர், காக்கா எச்சம் நகருது டீச்சர்” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பழுப்பும் வெள்ளையுமாக அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருந்தது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் இளம்புழு அது. எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தித் தின்னாது என்பதால் அந்த வேஷம்.

அன்றிலிருந்து இரண்டு செடிகளும் வகுப்பறையாகிவிட்டன. பிள்ளைகள் தினமும் மதியம் கை கழுவியதும் போய்ப் பார்த்தார்கள். புழு தோல் உரித்தது, பெருத்தது. கடைசியாக உரித்தபோது எச்ச நிறம் போய் இலைப் பச்சையாகிவிட்டது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டது. கூடவே மூக்கைத் துளைக்கும் நாற்றம். இதைக் கண்டுபிடித்த பையனுக்கு ஒரு வாரம் வகுப்பில் தனி மரியாதை. பிறகு ஒரு தண்டில் பின்முனையை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழை கட்டி, கம்பத்தில் பெல்ட் மாட்டிச் சாய்ந்து நிற்கும் லைன்மேனைப்போலக் கூட்டுப்புழு நின்றது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நாலைந்து கூட்டுப்புழுக்களில் இரண்டு வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்தன. ஒன்றைக் காணவில்லை, ஓணான் தின்றிருக்கலாம். ஒன்றில் குண்டூசித் துளை விழுந்து, அதிலிருந்து எறும்பளவுகூட இல்லாத குளவிகள் கூட்டமாக வெளியே வந்தன. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. பிள்ளைகள் திகைத்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்து, “படத்துல குளவி இல்லையே டீச்சர்” என்றான் ஒருவன். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நாலு படமும் அம்புக்குறியும் போட்ட வட்டத்தில் குளவிக்கு இடமில்லைதான். எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சியாகிவிட்டால் இரண்டு செடியிலும் இலை மிஞ்சாது என்பதை அந்த டீச்சர் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பெண் சொன்னாள்.

சத்துணவு சமைக்கும் ஆயாவுக்குப் புழு என்றால் ஆகாது. சாம்பாருக்கு இலை பறிக்கிறவர், அவர் கவலை அவருக்கு. பிள்ளைகள் போய்ப் பேசினார்கள். சுவரோரச் செடி புழுவுக்கு, கிணற்றடிச் செடி சாம்பாருக்கு என்று முடிவாயிற்று. கிணற்றடிச் செடியில் புழு தென்பட்டால் இலையோடு பறித்துச் சுவரோரச் செடியில் வைத்துவிடுவார்கள். ஒரே இடத்தில் மனிதர்களும் மற்ற உயிர்களும் சோறு தேட வேண்டியிருக்கும்போது எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைத்தானே பெரியவர்கள் மாநாடு போட்டுப் பேசுகிறோம்.

மழை அளப்பதும் அங்கே நடக்கிறது. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் செங்கல் அண்டக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். வானிலை ஆய்வுத் துறை தினமும் காலை 8.30-க்கு மழையளவைக் குறிக்கிறது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதே நேரத்தில் ஸ்கேலை விட்டுப் பார்த்து எழுதுகிறாள். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் சண்டைக்கு வந்தான்: “பெரிய டப்பா வச்சா நெறைய மழை விழும்ல?” டீச்சர் பதில் சொல்லவில்லை. வாயகன்ற டப்பா ஒன்றையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் இரண்டிலும் 22 மில்லிமீட்டர். பெரிய டப்பாவில் தண்ணீர் அதிகம், ஆனால் உயரம் ஒன்றுதான். கொட்டிக் கொட்டிப் பார்த்தும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த மழையில் மறுபடி வைத்தான்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளியின் மொட்டை மாடியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் டேப் வைத்து அளந்தார்கள், 60 சதுர மீட்டர். அப்படியானால் அன்று ஓர் இரவில் மாடியில் விழுந்தது 1,320 லிட்டர். அது எங்கே போயிற்று? தேடினார்கள். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானதை ஒட்டிப் போட்ட குழாய் சுவரில் இருக்கிறது. அதன் முழங்கை வளைவு கழன்று, தண்ணீர் முழுக்க வாசல் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து லிட்டர் கணக்கைச் சொன்னார்கள். அந்த வாரமே குழாய் சரியாயிற்று. பெருக்கல் கணக்கால் ஒரு காரியம் ஆகும் என்று அவர்கள் கண்ணால் பார்த்த நாள் அது.

இதெல்லாம் புதிதில்லை. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, தோட்டமும் கைத்தொழிலுமாகப் பாடம் நடத்தச் சொன்னது. ஆதாரப் பள்ளி என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. நம் பாடத்திட்டத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல் புத்தகம் இருக்கிறது; மூன்றாம் வகுப்பில் அது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கழன்ற குழாய் இந்த இரண்டில் எந்தப் புத்தகத்துக்குச் சொந்தம்?

பாடமாக வந்ததில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. எட்டு வயதுப் பிள்ளைகளை எரிகிற பூமி உருண்டையை வரையச் சொல்கிறோம். உலகைக் காப்பாற்றும் பொறுப்பு உன் கையில் என்று மேடையில் பேசவைக்கிறோம். டேவிட் சோபெல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1996-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். இயற்கையோடு ஒட்டுறவு வளர்வதற்கு முன்பே அழிவுச் செய்திகளைத் திணித்தால் பிள்ளைகள் பயந்து விலகிப்போவார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. கறிவேப்பிலைச் செடியை நேசிக்காத பிள்ளைக்கு அமேசான் காடு என்ன செய்யும்?

வெளியே கூட்டிப்போவதில் ஆசிரியர்களுக்கு உள்ள தயக்கத்தை நான் லேசாக நினைக்கவில்லை. புதரில் பாம்பு இருக்கும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. எருக்கில் வளரும் வரிப்புழுவைப் பார்க்கலாம், இலையைக் கிள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்து வகுப்பையும் இருவர் பார்க்கிற பள்ளியில் ஒருவர் வெளியே போனால் மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் மேலே, அலுவலர் ஆய்வுக்கு வரும் நேரத்தில் வகுப்பறை காலியாக இருந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பல ஆசிரியர்களுக்கு இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர்கள் மனம் வைத்தால் இந்தக் கடைசித் தடை ஒரு சுற்றறிக்கையில் நீங்கும். வாரத்தில் ஒரு பாடவேளை வெளியில் நடக்கலாம், பிள்ளைகளின் கவனிப்பு நோட்டும் பாடக்குறிப்பேடு போலவே ஆய்வில் பார்க்கப்படும் என்று இரண்டு வரி போதும். பணம் ஒரு ரூபாய் வேண்டாம்.

பெற்றோர்கள் கேட்பது வேறு: வெளியே விளையாடவிட்டால் எழுதப் படிக்க எப்போது கற்கும்? அந்தப் பள்ளியின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். “இன்னிக்கி புழு சாப்பிடல. சும்மா இருக்கு. நாளைக்கி என்ன ஆகும்னு தெரியல” என்று எழுதியிருந்த பையன், கட்டுரை நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதாதவன்.

கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பத்தாண்டுக்கும் மேலாகச் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் வாரம் ஒரு முறை ஒரே மரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். தளிர், மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே சொல்லில் குறிக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம். விஷுக் கனிக்கு வேண்டிய கொன்றை, விஷுவுக்கு மாதக்கணக்கில் முன்னாலும் பின்னாலும் பூப்பது இப்படி எழுதி வைத்த குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் சரக்கொன்றை சித்திரையில் பூக்கும்போது பள்ளிக்கு விடுமுறை; வேம்பு பூக்கும் பங்குனியில் ஆண்டுத் தேர்வு நெருக்கடி. அதனால் பூவரசு நல்லது. வருஷம் முழுக்க ஏதாவது பூ இருக்கும். காலையில் மஞ்சளாக விரிந்த பூ வாடும்போது செந்நிறமாக மாறுவதையும், கீழே விழுந்த காய்களில் சிவப்புப் பூச்சிகள் மொய்ப்பதையும் பள்ளி நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளின் கவனிப்பு நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பீரோத் தட்டு ஒதுக்கி, அட்டையில் ஆண்டு எழுதி அடுக்கி வையுங்கள். அடுத்த ஜூனில் நாலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதே டப்பாவையும் அதே பூவரசையும் தொடரட்டும். பத்து வருஷம் சேர்ந்தால், அந்த ஊரில் எந்த வாரம் முதல் மழை விழுந்தது, எந்த மாதம் கறிவேப்பிலையில் புழு வந்தது என்ற கணக்கு அந்தப் பீரோவில் மட்டும்தான் இருக்கும்.