கூலியோடு தீராத கணக்கு

கோம்பை, தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகிறார்கள். பறித்த காய் போடியில் ஏலத்துக்கு வரும்போது நிறம், பருமன் எல்லாம் விலையில் சேரும்; ஜீப்பில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போனார்கள் என்பது சேராது. வேறு வழியில்லாமல்தான் அப்படிப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் தொழிலாளி ஒப்புக்கொள்ளும் குறைகூலி அநீதியே என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-லேயே ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் எழுதிவிட்டார். 2012-ல் வத்திக்கான் தொழில் நடத்துவோருக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. தொழில் நடத்துவதும் இறையழைத்தல்தான் என்கிறது அது. பெரிய வார்த்தைதான். ராயப்பன்பட்டி மாதிரி கத்தோலிக்க ஊர்கள் உள்ள, மலைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அது ஞாயிறு மறையுரையோடு நின்றுவிடக் கூடாது. முதலாளி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, ‘பேசின கூலியைக் கொடுத்துட்டேனே’ என்பது பாதிப் பதில்தான். வேலைக்குப் போய்வரும் வழியும் வேலையில் சேர்ந்ததே. அளவான ஆட்களோடு இன்னொரு வண்டி விடுகிற செலவைத் தோட்டம்தான் ஏற்க வேண்டும். காய் விலை ஏறுகிற பருவத்திலாவது அதைத் தொடங்குங்கள், முதலாளிமாரே.