கணினி அலையும் கடல் அலையும்

கற்களையும் கான்கிரீட் கட்டிகளையும் குவித்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவரின் இடுக்குதோறும் புகுந்து சுழன்று அலை தன் சக்தியை இழக்கும் விந்தையை, இடுக்கிடுக்காகக் கணினியில் வரைவது பெரும் பிரயாசையாதலால், நிபுணர்கள் சுவர் முழுவதையும் துளைகள் நிறைந்த ஒரே ஊடகமாகப் பாவித்து, 1856-இல் டார்சி வெளியிட்ட நீர்க்கசிவு விதியோடு, 1901-இல் ஃபோர்ச்ஹைமர் சேர்த்த வேகவர்க்க உறுப்பையும் கூட்டித் தடையைக் கணக்கிடுகின்றனர்.

யுக்தி சிலாக்கியமானதே. ஆனால் அதன் குணகங்கள் (வேண்டியபடி திருகவும் இடங்கொடுப்பவை!) சோதனைத் தொட்டியில் அளந்து பொருத்தப்படுபவை, அந்த ஊடகமோ பெரும்பாலும் அசையாது, உடையாது. நிஜச் சுவரோ உடையும்: போர்ச்சுகலின் சீனிஷ் துறைமுகத்தில், 1978 பிப்ரவரிப் புயலில், அலைத்தடுப்புச் சுவரின் டோலோஸ் எனப்படும் 42 டன் கான்கிரீட் கட்டிகள் நொறுங்கின. முன்பு தொட்டியில் சோதித்த சிறு மாதிரிகள் அந்தப் பலவீனத்தைக் காட்டியிருக்கவில்லை.

ஆகவே, துறைமுகத் திட்டங்களை அங்கீகரிக்கும் அதிகாரிகள் கணினியின் வர்ணப்படங்களில் மயங்காமல், குணகங்கள் எங்கே அளக்கப்பட்டன, கட்டியின் உறுதி எவ்விதம் பரீட்சிக்கப்பட்டது என்று கேட்பார்களாக.