மந்தம் என்னும் சொல்

பிள்ளை ஒன்று படிப்பில் பின்தங்கினால் 'மந்தம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாகத் திணறும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்மீது இச்சொல் எளிதில் விழுகிறது. ஆதலின், அறிவு யாது என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஓர் அறிஞரை இத்திங்கள் அறிமுகம் செய்கிறோம்.

பேராசிரியர் ஜகந்நாத் பிரசாத் தாஸ் 1931-இல் ஒடிசாவின் பூரியில் பிறந்தார். லண்டனில் ஐசென்க் என்னும் உளநூற் பேராசிரியரிடம் பயின்று 1957-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி உத்கல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பின்னர்க் கனடா சென்று, ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

அறிவை அளக்கும் சோதனையை 1905-இல் பாரிசில் வகுத்தவர் பினே. தனி உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதே அவர் நோக்கம். கருவி கைமாறியதும் நோக்கமும் மாறிற்று. 1913-இல் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கிய குடியேறிகளை அத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்திய காடர்டு என்பார், அவர்களுள் மிகப் பலரை அறிவுக் குறையுடையோர் என முடிவு கட்டினார். கடற்பயணத்தால் களைத்து, மொழியறியாது திகைத்து நின்றவர்க்கு இழைத்த அநீதியன்றோ இது!

அறிவு ஓர் எண்ணில் அடங்குவதன்று என்பதே தாஸின் துணிபு. போரில் மூளை காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த சோவியத்து அறிஞர் லூரியாவின் வழிநின்று, நான்கு ஆற்றல்களை அவர் வகுத்தார். செய்வதைத் திட்டமிடுவது ஒன்று. சிதறாது கவனிப்பது மற்றொன்று. பலவற்றை ஒருங்கே இணைத்துக் காண்பது மூன்றாவது. மலைச்சரிவு முழுவதையும் மனத்திற்கொண்டு குறுக்குவழி காணும் சிறுவனிடம் இது விளங்குகிறது. ஒன்றன்பின் ஒன்றாக முறைமாறாமல் கொள்வது நான்காவது. எழுத்துக் கூட்டிப் படிக்க இது மிக வேண்டும். முன்னதில் வல்ல பிள்ளை பின்னதில் தளரக்கூடும். அத்தளர்ச்சி ஒன்றைக்கொண்டு அவனை அறிவிலி என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவற்றை அளக்கும் சோதனையை நாக்லியேரி என்பாருடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்டார். அளந்ததோடு நில்லாமல், வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகட்குப் பயிற்சிமுறையும் அமைத்தார் என்பதே நாம் போற்றத்தக்கது. ஆல்பர்ட்டாவில் அவர் தலைமை தாங்கிய ஆய்வு நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

பெற்றோர்களே! மதிப்பெண் குறைந்த தாளோடு பிள்ளை வரும்போது கடுஞ்சொல் வேண்டா. எழுத்திலா, கவனத்திலா, மொழியிலா, எதில் அவன் தடுக்குகிறான் என்று ஆசிரியரை அணுகிக் கேட்போம். இடமறிந்தால் கைகொடுக்கலாம்; பெயர் சூட்டிவிட்டால் அப்பெயரே அவனுக்குச் சுமையாகிவிடும்.