கூண்டுக்குள் நீளும் கை

1930களின் நடுவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர் ஒரு புதிய ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, பிறகு அறுத்துப் பார்த்தார். அட்ரீனல் சுரப்பி பெருத்திருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண்கள். தேடியது கிடைத்துவிட்டது என்றே நம்பினார். ஆனால் சிறுநீரகச் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள். ஃபார்மலினை ஏற்றினாலும் அவையே. குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அவையே. புதிய ஹார்மோன் எதுவும் அங்கே இல்லை. எலிகள் பட்ட பாடுதான் அவற்றின் உறுப்புகளில் பதிந்திருந்தது. 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு கடிதத்திலிருந்துதான், இன்று நாம் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லும் கருத்து மருத்துவத்துக்குள் வந்தது.

அந்தக் கடிதத்துக்குள் ஓர் எச்சரிக்கையும் இருந்ததாக நான் கருதுகிறேன். ஆய்வகமே விலங்கை வதைக்கிறது. அந்த வதையை மருந்தின் விளைவு என்று நாம் தவறாகப் படித்துவிடலாம். கருத்தை உலகம் எடுத்துக்கொண்டது. எச்சரிக்கையைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அதன் விளைவை மனச்சோர்வு மருந்துகளின் கதையில் பார்க்கலாம். அவற்றில் முதல் மருந்துகளை எலி காட்டித்தரவில்லை. 1950களில் காசநோயாளிகளுக்குக் கொடுத்த இப்ரோனியாசிட் அவர்களின் மனநிலையை உயர்த்தியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமினின் பயனைக் கண்டதும் நோயாளிகளிடம்தான். அதன்பிறகு, அடுத்தடுத்த மருந்துகளை விரைவாகச் சலித்தெடுக்க ஒரு சோதனை வேண்டியிருந்தது. 1977இல் ரோஜர் போர்சோல்ட்டும் சக ஆய்வாளர்களும் அதைக் கொடுத்தார்கள்: கட்டாய நீச்சல் சோதனை. கண்ணாடி உருளையில் தண்ணீர், அதில் எலி. ஏற வழியில்லை. முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். நீந்துவதை விட்டுவிட்டு, மூக்கு மட்டும் மேலே தெரிய எத்தனை நொடி அசையாமல் மிதக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். மருந்து கொடுத்த எலி கூடுதலாக நீந்தினால் அந்த மருந்து தேறும்.

மிதக்கும் எலி நம்பிக்கை இழந்துவிட்டதா, அல்லது ஏற வழியில்லை என்று அறிந்து தெம்பைச் சேமிக்கிறதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. நோயாளிக்குப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் மருந்து, இந்தச் சோதனையில் ஒரே நாளில் ‘வேலை செய்கிறது’. அது ஒன்றே நம்மை உறுத்தியிருக்க வேண்டும்.

என்னை அதிகம் உலுக்குவது தண்ணீர்த்தொட்டியல்ல, அதற்கு முன் நடப்பது. சுண்டெலியைக் கூண்டிலிருந்து எடுக்க வாலைப் பிடித்துத் தூக்குவது ஆய்வகங்களில் காலங்காலமாக உள்ள பழக்கம். 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபேக்கா வெஸ்ட்டும் இதைச் சோதித்தார்கள். வாலில் தூக்கப்பட்டவை கையைக் கண்டு ஒதுங்கின, பதற்றச் சோதனைகளில் மிரண்டன. ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தவை தாமாகக் கையை நெருங்கின. 2014இல், செல்யே வேலைசெய்த அதே மெக்கில்லில், ஜெஃப்ரி மோகிலின் குழு இன்னொன்றைக் கண்டது. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே, ஏன், ஓர் ஆண் அணிந்த டி-ஷர்ட் மட்டும் இருந்தாலே, எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது. அதனால் வலி உணர்வு மட்டுப்படுகிறது. அப்படியானால் வலிமருந்துகளைப் பற்றி அதற்கு முன் வந்த எத்தனை ஆய்வு முடிவுகளில் அந்த வாடை கலந்திருக்கும்?

விலங்குச் சோதனையை இன்றே முழுதாக நிறுத்த வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இன்சுலின் நாய்களின் வழியே வந்தது. அந்தக் கடன் உண்மை. ஆனால் மிரண்டுபோன உடலிலிருந்து பெற்ற அளவீட்டை இயல்பான உடலின் அளவீடாக எழுதுவது விலங்குக்குச் செய்யும் கொடுமை. மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கும் அது துரோகமே.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024இல் கட்டாய நீச்சல் சோதனையைச் சட்டப்படி தடைசெய்தது. பிரிட்டன் அரசும் அதே ஆண்டு அதைக் கைவிடும் நோக்கத்தை அறிவித்தது. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும். அதுவரை, விலங்கை யார் தூக்கினார், எப்படித் தூக்கினார் என்ற இரண்டு வரிகள் இல்லாத ஆய்வுக் கட்டுரையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.