பெருவிழாவுக்கு முன் அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் வேலைகள் பெருகிவிடுகின்றன. சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம், நட்சத்திர விளக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைக்கிறோம். ஆனால் அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு, கல்கல், கேக், பெருவிழா நண்பகலின் பிரியாணி என ஒரு வாரம் ஓயாமல் உழைக்கப்போகும் அடுப்பை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பழுதாகும் நாளே அதை நாம் நினைக்கும் நாளாக இருக்கிறது. அந்த நாள் பெரும்பாலும் டிசம்பர் 24-ஆகவே வந்து சேர்கிறது. அன்று பழுது பார்ப்பவருக்கு ஆள் அனுப்பினாலும் அவர் அகப்படமாட்டார்.

கூனிமேடு போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோர்க்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழும் நமக்கு ஒருபுறம் கடல். வடக்கே சிறிது தொலைவில் உப்பளங்கள். காற்றோடு வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றின்மேலும் படிகிறது. படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இரும்பு அந்த ஈரத்தில் துருப்பிடிக்கிறது. துருவே பிடிக்காது என்று நாம் நம்பி வாங்கும் எவர்சில்வரிலும் உப்பு அதன் காப்புப் படலத்தைத் துளைத்து, குண்டூசி முனையளவுப் புள்ளிகளை உண்டாக்கிவிடும். உப்பு வாரும் பலகை மரத்தால் ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரும்பு நெடுநாள் நில்லாது என்பதை உப்பளத் தொழிலாளி நன்கு அறிவார். அதே காற்றுத்தான் அவருடைய அடுக்களைக்குள்ளும் வீசுகிறது.

நம் பகுதி அடுப்புகள் கீழிருந்தே கெடுகின்றன. மேற்புறம் நாள்தோறும் துடைக்கப்பட்டுப் பளபளக்கும். அடித்தகடோ செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். எனவே, முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள். பர்னர்களை எடுத்து வைத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். வாயு செல்லும் குழாயைத் தாங்கும் தகடு துளைபட்டிருந்தாலும், கால்கள் ஆட்டங்கண்டிருந்தாலும், அவ்வடுப்பின்மேல் பிரியாணிப் பாத்திரத்தை ஏற்றுவது முறையன்று. துடைக்கும்போதும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடலை அடுத்த கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்நீரில் நனைத்த துணியால் துடைப்பது உப்பை இன்னொரு முறை பூசுவதேயாகும். கடைசித் துடைப்பு நல்ல நீரிலும், அதன்பின் உலர்ந்த துணியாலும் இருக்கட்டும்.

இனி ரப்பர் குழாய். இதுவே உயிரைப் பற்றிய செய்தி. கம்பி வலை உள்ளே வைத்துச் செய்யப்பட்ட, தர முத்திரையுள்ள செம்மஞ்சள் நிறக் குழாய்க்கு ஐந்து ஆண்டுகளே வயது. அவ்வயது எப்போது முடிகிறது என்பதைக் குழாயின்மேலேயே காணலாம். ஐந்து ஆண்டுகள் முடியவில்லையென்றாலும், இரு முனைகளையும் சற்றே வளைத்துப் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் தோன்றும். குழாயின்மேல் துணியைச் சுற்றி வைப்பது, அடுப்பின் பின்புறச் சூட்டில் அது உரசிக்கொண்டிருக்க விடுவது, வெடித்த முனையை வெட்டிவிட்டு எஞ்சியதை மாட்டுவது ஆகிய மூன்றையும் நம் வீடுகளில் காண்கிறோம். புதுக் குழாயின் விலை ஒரு கிலோ கேக்கின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்!

கசிவு உண்டா என்று அறியச் சோப்பு நுரையை இணைப்புகளின்மேல் தடவினால் போதும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவை நாம் உணர்வதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு அதில் கலக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது; மேலெழும்பிச் சன்னல் வழியே போய்விடாமல் தரையில் படர்ந்து மூலைகளில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு சேர்ந்தாலே தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே நாற்றம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளையும் திறந்து வையுங்கள். மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; எரியும் விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும். எல்லாரும் வெளியேறியபின், வெளியே நின்று 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். திருவருகைக் காலமும் புயற்காலமும் நமக்குச் சேர்ந்தே வருகின்றன. வெள்ளத்தில் மூழ்கிய ரெகுலேட்டரை வெயிலில் காயவைத்து மாட்டிக்கொள்வது ஆபத்தானது. அதை முகவரிடம் கொடுத்து மாற்றியே தீரவேண்டும். சிலிண்டரையும் ஈரத்தரையில் நிறுத்தாமல், ஒரு மரப்பலகையின்மேல் நேராக நிறுத்துங்கள், அடிவளையம் துருவேறாது.

பர்னரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தாய்மார்க்கு அது தெரிந்ததே. சுடர் நீலமாக எரிந்தால் நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கரியாக்கினால், வாயுவுக்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை என்பது பொருள். வாயு வீணாவதோடு, மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் அப்போது உண்டாகும். பித்தளைப் பர்னரைப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் துளைகள் திறக்கும். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது பழைய வழக்கம். நம் ஊரில் உப்பு வேண்டாம். நன்றாகக் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர்த்திய பின்பே மாட்டவேண்டும். உள்ளே நீர் தங்கினால் சுடர் துடித்துத் துடித்து அணையும். வாயு பாயும் சிறு துவாரமாகிய ஜெட்டை ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள். அது பழுது பார்ப்பவர் செய்யவேண்டிய வேலை.

பெரிய அண்டாவை வீட்டு அடுப்பில் ஏற்றுவதும் தவறு. அகன்ற அடிப்பாகத்தில் முட்டும் அனல் கீழே திரும்பித் திருகுகளையும் குழாயையும் தாக்கும். சவுக்கு விறகுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. கூரையையும் கீற்றுப் பந்தலையும் விட்டு விலகிய திறந்த வெளியில் செங்கல் அடுக்கி, அண்டாவை அங்கே ஏற்றுங்கள்.

இங்கே ஆண்மக்களிடம் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகுமுன் படகு இயந்திரத்தைத் திறந்து, துடைத்து, ஓட்டிப் பார்க்காமல் நீங்கள் புறப்படுவதில்லை. அதே கைகள் வீட்டு அடுப்பை ஒருமுறையேனும் கவிழ்த்துப் பார்த்ததுண்டா? பண்டிகைக்குச் சமைக்கும் பெண்ணே பழுதையும் தேடவேண்டும் என்று யார் விதித்தது? பாரந்தூக்கவும், திருகு கழற்றவும், குழாய் வாங்கிவரவும் நீங்கள் முன்வாருங்கள்.

கேக் சுடும் ஓவன் ஆண்டுக்கொரு முறை பரணிலிருந்து இறங்குவது. மின்கம்பியை எலி கடித்திருக்கலாம். முளைகள் பச்சை பூத்திருக்கலாம். அவற்றைப் பார்த்துவிட்டு, மூன்று முளைச் செருகியுள்ள பெரிய விசைப்பலகையில் மட்டும் மாட்டுங்கள். நீட்டிப்புக் கம்பி கூடாது. முதலில் வெறுமனே கால் மணி நேரம் சூடாக்கினால் அடைந்த ஈரமும் நாற்றமும் போகும். குமிழில் எழுதியுள்ள சூடு உண்மையானதுதானா என்று அறியச் சர்க்கரை உதவும். சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 பாகை செல்சியசில். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தகட்டில் வைத்து, 175-இல் கால் மணி நேரம் விட்டால் உருகக்கூடாது, 190-இல் உருகவேண்டும். 175-லேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிட அதிகமாகக் காய்கிறது; குமிழைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

ஓவன் இல்லாத வீடுகளில் அலுமினியப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடுவார்கள். அந்தக் கேக்கின் சுவைக்கு ஒரு குறையும் இல்லை என்பது என் அனுபவம். குக்கரில் சுடுவதானால் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிடவேண்டும். மணலுக்குப் பதிலாக உப்பைப் போடுவோரும் உண்டு. அதன் ஈரம் அலுமினியத்தை அரித்துவிடும். கடற்கரை மணலும் உப்பு மணலே. நல்ல நீரில் நாலைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து, கிளிஞ்சல்களைச் சலித்தெடுத்து வையுங்கள். மழை விட்ட ஒரு நாள் வெயில் அதற்கு வேண்டும். டிசம்பரில் அந்த வெயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.