மோட்டார்ஹோமா, டிரெய்லர் கேரவனா? வாங்குறதுக்கு முன்னாடி ராத்திரிகளை எண்ணுங்க

"கேரவன்"னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது சினிமா ஷூட்டிங்தான். ஆனா என் சித்தி மகன், சென்னையில ஐடி வேலை பார்க்கிறவன், தீபாவளிக்கு இடைசெவல் வந்தப்போ போட்ட குண்டு வேற.

"அண்ணே, ஒரு பழைய டிராவலர் வேன் எடுத்து மோட்டார்ஹோமா மாத்தலாம்னு இருக்கேன். மொத்தம் 20 லட்சம் ஆகும். இல்லேன்னா காருக்குப் பின்னாடி கொக்கி மாட்டி இழுக்கிற டிரெய்லர் கேரவன், 10 லட்சம். எது வாங்கலாம்?"

எடுத்த எடுப்புல திட்டலாம்னுதான் தோணுச்சு. ஆனா காரணத்தைக் கேட்டதும் வாயை மூடிட்டேன். சென்னையிலிருந்து கோவில்பட்டி வர்றதுக்குள்ள பத்து மணி நேரம் ஆயிடுது. சித்திக்கு சர்க்கரை. வழியில சுத்தமான கழிவறை கிடைக்காதுன்னு காலையிலிருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. ஊர் வந்து சேரும்போது தலை சுத்தி உட்கார்ந்திடுவாங்க. அவன் கேட்டது ஆடம்பரத்துக்கு இல்ல. அதனாலதான் கணக்கை ஒழுங்கா போட்டுப் பார்த்தோம்.

டிராக்டர் சொல்ற பாடம்

எங்க கரிசல் காட்டுல ஒரு டிராக்டர் வாங்கினா, அந்த ஒரே எஞ்சின் பின்னாடி கலப்பை மாட்டும், ரொட்டவேட்டர் மாட்டும், அறுவடை நேரத்துல டிரெய்லர் மாட்டும். வேலை முடிஞ்சா டிரெய்லரைக் கழட்டி வேப்பமரத்தடியில விட்டுடுவாங்க. அது சும்மா நிக்கும், டீசல் கேக்காது. விலை கூடின பொருள் எஞ்சின். அது வருஷம் பூரா உழைக்குது. விலை குறைஞ்ச பொருள்தான் சும்மா கிடக்குது.

மோட்டார்ஹோம்ல இது தலைகீழ். எஞ்சினும் வீடும் ஒண்ணா ஒட்டிக்கிடக்கு. வருஷத்துல 345 நாள் ரெண்டும் சேர்ந்து சும்மா நிக்கும். பேட்டரி இறங்கும், டயர் காயும், இன்சூரன்ஸ் மட்டும் ஓடும். கிளட்ச் போய் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனா உங்க படுக்கையறையும் கூடவே போகும்.

அதனால பண விஷயத்துல மட்டும் பார்த்தா டிரெய்லர் கேரவன்தான் ஜெயிக்கும். ஏற்கனவே இருக்கிற காரை எஞ்சினா பயன்படுத்துறீங்க. ஆனா இது பாதி பதில்தான்.

ஒரு ராத்திரிக்கு என்ன விலை?

இது நான் அவனுக்காகப் போட்ட கணக்கு. எண்களை உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. முறை இதுதான்: (வாங்கின விலை − விற்கும் விலை + வட்டி + பராமரிப்பு) ÷ மொத்த ராத்திரிகள்.

மோட்டார்ஹோம்: 20 லட்சம் கடன், 11% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 43,485. வட்டி மட்டும் 6.09 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு 9 லட்சத்துக்கு வித்தா நஷ்டம் 11 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ் வருஷத்துக்கு 60,000 வீதம் 3 லட்சம். மொத்தம் 20.09 லட்சம்.

டிரெய்லர்: 10 லட்சம். இதுக்கு வாகனக் கடன் கிடைக்கலேன்னா பர்சனல் லோன்தான்னு 14% போட்டேன். இஎம்ஐ சுமார் 23,268, வட்டி 3.96 லட்சம். 4 லட்சத்துக்கு வித்தா நஷ்டம் 6 லட்சம். பராமரிப்பு 1.25 லட்சம். மொத்தம் 11.21 லட்சம்.

இப்போ முக்கியமான கேள்வி. சம்பளக்காரனுக்கு வருஷத்துல எத்தனை ராத்திரி கிடைக்கும்? அவன் லீவு, லாங் வீக்எண்ட் எல்லாம் சேர்த்து எண்ணினான். 20 வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு 100.

மோட்டார்ஹோம்ல ஒரு ராத்திரி தூங்க 20,090 ரூபாய். டிரெய்லர்ல 11,210 ரூபாய். ரெண்டுலயும் டீசல் தனி. கடன் வாங்காம கைக்காசு போட்டாலும் தப்பிக்க முடியாது. அந்தக் காசு எஃப்டியில இருந்திருந்தா வந்திருக்கும் வட்டி போச்சு இல்லையா, அதுவும் செலவுதான்.

அவன் கையில வர்ற சம்பளம் 92,000. அதுல 43,485ன்னா கிட்டத்தட்ட பாதி. வீட்டு வாடகை 22,000. மிச்சத்துல சாப்பாடு, எஸ்ஐபி, சித்தி மருந்து. ஒரு மாசம் வேலை போச்சுன்னா?

சட்டம் என்ன சொல்லுது?

வேனை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டி மாத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதைத் தடுக்குது. மோட்டார் கேரவனுக்குன்னு ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலையே இருக்கு. மாத்தினது ஆர்சியில ஏறலேன்னா, விபத்து நடந்த அன்னைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சிடலாம்.

டிரெய்லரும் சும்மா இல்ல. சட்டப்படி அது தனி வாகனம், தனிப் பதிவு வேணும். உங்க கார் எவ்வளவு எடை இழுக்கலாம்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறது தனிக் கலை. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுகள்ல அதைக் கத்துக்கலாம்னு நினைக்காதீங்க. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள்ள ஆள் உட்காரவும் கூடாது. அதாவது சித்திக்கு அவசரம்னா எப்படியும் ஓரம் கட்டித்தான் ஆகணும்.

"என் பிசினஸ் பேர்ல வாங்கி டாக்ஸ்ல கழிச்சுக்கலாமே?"ன்னு சில பேர் கேப்பீங்க. சம்பள வருமானத்துல வண்டி தேய்மானம் கழிக்க வழியே இல்ல. பிசினஸ் இருந்தாலும் தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்குத்தான் தேய்மானம். 13 பேர் வரைக்கும் உட்காரும் வண்டிக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டும், பயணிகளை ஏத்துற மாதிரியான சில தொழில்களைத் தவிர, பிரிவு 17(5)-ல அடைச்சு வச்சிருக்காங்க. "சும்மா நிக்கிற நேரம் வாடகைக்கு விடுறேன்"னா பெர்மிட் வேணும். வெள்ளை போர்டுல ஓட்டக் கூடாது.

நாங்க என்ன செஞ்சோம்?

வாங்கல. மூணு ராத்திரிக்கு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தோம். வாடகை 27,000, டீசலும் டிரைவர் பேட்டாவும் 11,000. ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, தஞ்சாவூர். சித்தி தண்ணி குடிச்சாங்க. பல வருஷத்துல முதல் தடவையா பயணத்துல நிம்மதியா குடிச்சாங்க. அதைப் பார்த்தப்போ 38,000 எனக்குப் பெருசா தெரியல.

ஆனா ரெண்டாவது நாளே கழிவுத் தொட்டி நிறைஞ்சு போச்சு. அமெரிக்காவுல இதைக் காலி பண்ணவும், கரண்டு தண்ணி இணைப்புக்கும் தனிப் பார்க் இருக்கு. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவிச்சு வாகமண்ல ஒரு பார்க் வந்துச்சு. நாங்க போன வழியில அப்படி எதுவும் எங்க கண்ணுல படல. ஒரு லாட்ஜ்காரரைக் கெஞ்சி, காசு குடுத்து அவங்க செப்டிக் டேங்க்ல ஊத்தினோம். யூடியூப் வேன் லைஃப் வீடியோவுல இந்தக் காட்சியை நான் பார்த்ததே இல்ல.

நாலாவது நாள் காலையில சித்தி சொன்னாங்க: "நல்லாத்தான் இருக்குய்யா. ஆனா வீட்டுக்குப் போவோம். இதுக்குள்ள எனக்குக் காலை நீட்டினா கதவு இடிக்குது."

ஒரு ராத்திரிக்கு 9,000 வாடகைன்னு வச்சா, மோட்டார்ஹோம் வாங்குறது லாபமாக வருஷத்துக்கு 45 ராத்திரி வேணும். டிரெய்லருக்கு 25. முழுநேரம் வீட்டிலிருந்தே வேலை, ஊர்ல நிறுத்த இடம், வருஷத்துக்கு 60 ராத்திரி வெளியே, கடன் இல்லாத காசு. இந்த நாலும் இருந்தா டிரெய்லர் வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன். மோட்டார்ஹோம், முழுநேரம் ரோட்டுலயே வாழப் போறவங்களுக்கு. அடுக்குமாடியில ஒரே ஒரு கார் பார்க்கிங் வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டுமே வேணாம், வாடகை போதும்.

தம்பி கடைசியில வாங்கினது என்ன தெரியுமா? சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு போர்ட்டபிள் டாய்லெட், அதைச் சுத்தி மறைக்க ஒரு மடக்குக் கூடாரம். ரெண்டும் கார் டிக்கியில அடங்கிடுது. பொங்கலுக்கு ஊர் வந்தப்போ சித்தி காருக்குள்ள தண்ணி பாட்டிலோடதான் இறங்கினாங்க.

தேவை கழிவறை. நாம விலை விசாரிச்சது வீட்டுக்கு. அடுத்த தடவை 20 லட்சத்துக்கு ஆசை வரும்போது, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உண்மையான தேவை என்னன்னு முதல்ல கண்டுபிடிங்க. பெரும்பாலும் அதோட விலை ரொம்பக் கம்மியா இருக்கும்.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட்டை இந்த வார வீடியோவுல ஒவ்வொரு வரியா விளக்கியிருக்கேன். உங்க ராத்திரிகளைப் போட்டுப் பாருங்க. நேர்மையா எண்ணுங்க, அது போதும்.