ஸ்க்ரூவைத் திருகினால் வருத்தம் மாறாது

'கலைப்பீடப் பிள்ளையளுக்கு எஞ்சினில என்ன வேலை?' என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். எங்களில் பலர் ஓடுவது எங்களை விட வயது கூடிய மோட்டார் சைக்கிள். அப்பாவோ மாமாவோ ஓடிவிட்டுத் தந்த எம்டி 90, அல்லது நாலு கை மாறி வந்த 100 சிசி இந்திய பைக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் அந்த விலைக்கு எங்களால் கிட்டப் போக முடியவில்லை. ஆகவே பழைய வண்டியின் வருத்தம் எங்கள் வருத்தம்தான்.

அந்த வருத்தங்களில் ஒன்று: அக்சிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் ஏறியே நிற்பது. கராஜில் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: 'பழசு தம்பி, அப்பிடித்தான்.' பிறகு ஐடில் ஸ்க்ரூவில் ஒரு திருகு. சத்தம் குறையும். காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். இது வைத்தியம் இல்லை, காய்ச்சல்காரனின் தேமாமீற்றரை எடுத்து ஒளித்து வைப்பது.

எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை உள்ளே போகிற காற்றும் பெற்றோலும்தான் தீர்மானிக்கின்றன. கார்புரேட்டர் உள்ள 100 சிசி பைக் சூடான பிறகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றில் நிற்கவேண்டும். அதைவிடக் கூட நின்றால் எங்கோ ஒரு வழியால் கூடுதல் காற்று போகிறது. கேட்கவேண்டிய கேள்வி 'எந்த வழி?' என்பது மட்டும்தான்.

அதைத் தேட ஒரு ஒழுங்கு இருக்கிறது. எஞ்சின் சூடாகி, சோக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நியூற்றலில் விட்டு ஹாண்டிலை இடமும் வலமும் முழுதாக வெட்டுங்கள். ரேஸ் ஏறினால் குற்றம் கேபிளில். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடுகிற இடம் இருக்கவேண்டும், கையை விட்டால் பிடி தானாகத் திரும்பவேண்டும். கேபிள் சரி என்றால் ஐடில் ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். அப்போதும் ரேஸ் இறங்கவில்லையா? அப்படியென்றால் ஸ்க்ரூவில் பிழை இல்லை. கார்புரேட்டருக்குள் ஸ்லைட் இறுகியிருக்கலாம், அல்லது கார்புரேட்டரும் எஞ்சினும் சேருகிற மூட்டில் ரப்பரோ ஓ-ரிங்கோ வெடித்து அந்த வழியால் காற்று இழுபடலாம். மூட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சூடான எஞ்சினில் பெற்றோல் தெளித்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம், தீப்பிடிக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. ஐடில் ஜெற் அடைத்து வண்டி அடிக்கடி நின்றுபோகும். யாரோ ஸ்க்ரூவை உள்ளே திருகி அதை நிற்காமல் வைத்திருப்பார்கள். எஞ்சின் சூடானதும் ரேஸ் ஏறும். அடுத்தவர் வந்து ஸ்க்ரூவை வெளியே திருகுவார். காலையில் வண்டி பிடிக்காது. ஜெற்றைக் கழற்றித் துப்புரவாக்கியிருந்தால் இரண்டு தரமும் காசு போயிருக்காது.

'கொஞ்சம் சத்தம்தானே' என்பவர்களிடம் கேட்கிறோம்: எம்டி 90இல் கிளச் லீவர் இல்லை. வேகம் கூடினால் கிளச் தானாகப் பிடிக்கும். ரேஸ் ஏறிய எம்டி 90ஐக் கியரில் விட்டு ரயில் கடவையில் நிறுத்திப் பாருங்கள். அது முன்னுக்கு இழுக்கும். பின்னால் அம்மா இருப்பா, முன்னால் பிள்ளை இருக்கும். பெற்றோலும் வீணாகிறது. 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கிய நாட்டில், நிற்கிற வண்டி வீணாய்க் குடிக்கிற பெற்றோலை அற்பம் என்று எப்படிச் சொல்லுவீர்கள்?

குற்றம் முழுவதையும் கராஜ்காரர் தலையில் கட்ட நாங்கள் தயாரில்லை. அவருக்கு அந்த ஓட்டையைத் தேடத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய கைகளின் வாரிசு அவர். ஆனால் அரை மணித்தியாலம் குந்தியிருந்து தேடினால் யார் கூலி கொடுக்கிறார்கள்? புதுச் சாமான் மாற்றினால் கேள்வி கேட்காமல் காசு கொடுப்போம், 'ஒரு சின்ன ரப்பர்தான் அண்ணை பிழை' என்றால் 'இதுக்கா இவ்வளவு?' என்று பேரம் பேசுவோம். சாமானுக்கு விலை உண்டு, கண்டுபிடிப்புக்கு விலை இல்லை என்று ஆக்கியது யார்? அதனால்தான் சின்ன ரப்பரைத் தேடுவதை விட முழுக் கார்புரேட்டரையும் மாற்றுவது அவருக்கு லாபமாகிவிடுகிறது.

எங்கள் கோரிக்கை இரண்டுதான். கராஜுக்குப் போனால் 'ரேஸைக் குறைச்சு விடுங்கோ அண்ணை' என்று கேட்காதீர்கள். 'எங்கால காத்து இழுக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ' என்று கேளுங்கள். அவர் கண்டுபிடித்துக் காட்டினால், ரப்பருக்கு மட்டுமில்லை, தேடிய நேரத்துக்கும் கூலியை வையுங்கள்.